நட்டவளுக்கு ஒரு கூலி, பறித்தவனுக்கு ஒரு கூலி

(மகளிர் தினத்தை ஒட்டி மன்னார்குடியில் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. மேடைப் பேச்சின் நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துவிட்ட பெரியவர்களுக்கும் வணக்கம்.

நாலு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்ட கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்குகிறது. பெண்கள் வரட்டும் என்று காத்திருந்தோம். பாதிப் பேர் வரவில்லை. இது உளுந்து பிடுங்குகிற நேரம். சம்பா அறுப்புக்கு முன்னாலேயே நெல்லுக்குள் தெளித்த உளுந்து காய்ந்து நிற்கிறது. இன்னும் நாலு நாள் விட்டால் நெற்று வெடித்துக் கொட்டிவிடும். பெண்களின் வேலை, கூலி பற்றிப் பேசுகிற கூட்டத்துக்குப் பெண்களால் வர முடியவில்லை, ஏனென்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குக் கிடைக்காது.

முப்பது வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவள், கட்டாகப் புள்ளிவிவரம் கொண்டு வருவாள் என்று நினைத்திருப்பீர்கள். கொண்டு வந்திருக்கிறேன், கொஞ்சம்தான். அதற்கு முன் வயலுக்குப் போவோம்.

எங்கள் ஊரில் நாற்றுப் பறிப்பது ஆண் ஆட்கள். பறித்து, வேரை அலசி, முடியாகக் கட்டி, சேற்றில் அங்கங்கே வீசுவார்கள். நடுவது பெண்கள். என் அம்மா நாற்பது வருடம் நட்டாள். இடது கையில் முடி. வலது கை அதிலிருந்து மூன்று நாலு நாற்றைப் பிரித்து, கட்டைவிரலோடு இரண்டு விரலைச் சேர்த்துச் சேற்றில் ஊன்றும். ஆழமாகப் போனால் தூர் கட்டாது. மேலாக நின்றால் அடுத்த தண்ணீருக்கு மிதந்துவிடும். இதைக் குனிந்தபடியே, பின்னால் நகர்ந்துகொண்டே, பக்கத்தில் நடுகிறவளின் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் செய்ய வேண்டும். கண் நாற்றைப் பார்க்காது, வாய் பேசிக்கொண்டிருக்கும். அம்மாவின் கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்தே இருக்கும். நடவுக் காலத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவிக்கொண்டு, காலைத் திண்ணைக்கு வெளியே நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

சாயங்காலம் பண்ணையின் காரியக்காரர் கூலி போடுவார். நாற்றுப் பறித்த ஆளுக்கு ஒரு கூலி. நட்ட அம்மாவுக்கு அதைவிடக் குறைவு. எனக்குப் பத்து வயதிருக்கும், ஏன் குறைச்சல் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். “நடவு லேசான வேலைடி, பொம்பளை வேலை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை ஏன் மேலேயிருந்து பெய்கிறது என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பதிலைத்தான் ஐம்பது வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். லேசான வேலை, அதனால் பொம்பளை வேலை என்றார் அவர். நான் பார்த்த வரையில் அது தலைகீழ். பொம்பளை செய்கிறாள், அதனால் அது லேசான வேலை. முதலில் வேலைக்கு ஆண்பால், பெண்பால் ஒட்டிவிடுகிறோம். அப்புறம் அந்தப் பாலைப் பார்த்து விலை போடுகிறோம்.

நடவு பெண்ணுக்கென்றே படைக்கப்பட்ட வேலை என்று இன்னும் யாராவது நினைத்தால், குறுவை நடவு நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கொஞ்ச வருடங்களாக மேற்கு வங்கத்திலிருந்து குழுக் குழுவாக ஆண்கள் வந்து நடுகிறார்கள். அவர்கள் ஊரில் ஆண்களும் நடுகிறவர்கள்தான். இங்கே ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, நட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே சேறு, அதே குனிவு. நான் பேசிய ஒரு மிராசுதார், “என்ன சுறுசுறுப்பு, என்ன கைத்திறன்” என்று சொல்லி மாய்ந்துபோனார். கைத்திறன்! என் அம்மாவின் நடவுக்கு யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. 1968 ஜூன் மாதம், லண்டனை ஒட்டிய டேகனம் என்ற இடத்தில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி அவர்களுடைய தையல் வேலையைத் திறன் குறைந்த வேலை என்று கீழ்நிலையில் வைத்திருந்தது. அந்தக் கீழ்நிலையிலும் ஆண்களுக்குக் கொடுப்பதில் 85 சதவீதம்தான் அவர்களுக்கு. மூன்று வாரம் நடந்தது வேலைநிறுத்தம். உறை இல்லை, இருக்கை இல்லை. இருக்கை இல்லாத காரை யார் வாங்குவார்? அமைச்சர் பார்பரா காசில் கூப்பிட்டுப் பேசினார். சம்பளம் 92 சதவீதமாக ஏறியது. 1970இல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது வேறு: எங்கள் வேலையைத் திறன் வேலை என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அது கிடைக்க இன்னொரு வேலைநிறுத்தம் ஆயிற்று. கிடைத்தது 1984இல். காசைக்கூடக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரை மாற்றத்தான் மனசு வரவில்லை.

அதே 1968ஆம் வருடம் டிசம்பர் 25. இங்கிருந்து கிழக்கே போனால் கீழ்வெண்மணி. கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்போது எனக்கு எட்டு வயது. அடுத்த பல நாள் எங்கள் தெருவில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். டெல்டாவில் கூலியைப் பற்றிப் பேச எழுந்தால் இதைத் தாண்டிப் போக எனக்குத் தெரியவில்லை. கூலி என்பது இந்த மண்ணில் வெறும் கணக்கு இல்லை.

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா 1958இல் அதை ஏற்றுக்கொண்டது. 1976இல் நாமும் சம ஊதியச் சட்டம் போட்டோம். 2019இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அது போய்விட்டது. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கை சொல்வது ‘சம மதிப்புள்ள வேலை’. நம் சட்டம் சொல்வது ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’. வித்தியாசம் புரிகிறதா? நாற்றுப் பறிப்பும் நடவும் ஒரே வேலை இல்லையே. வரப்பில் அண்டை வெட்டுவதும் களை பறிப்பதும் ஒரே வேலை இல்லையே. அப்படியானால் கூலி வேறாக இருக்கலாம், சட்டம் மீறப்படவில்லை. ஆணுக்கென்று ஒன்று, பெண்ணுக்கென்று ஒன்று என்று வேலையை முதலிலேயே பிரித்து வைத்துவிட்டால், சம ஊதியச் சட்டம் வரப்போடு நடந்து போய்விடும், வயலில் இறங்காது.

ஒரே வேலையாக இருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். அதே நாளில் அதே துறையில் இன்னொருவரும் சேர்ந்தார். அதே எம்.ஏ., எனக்கு மார்க் கொஞ்சம் கூட. முதல் மாதச் சம்பளக் கவரைப் பிரித்தபோது அவருக்கு என்னைவிட முந்நூறு ரூபாய் அதிகம். அன்றைக்கு முந்நூறு ரூபாய் ஒரு வீட்டு வாடகை. தாளாளரிடம் போய் நின்றேன். “அவருக்குக் குடும்பம் இருக்கும்மா. உங்களுக்கு உங்க செலவுக்குத்தானே” என்றார். அவருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை, அப்பா தாசில்தார். என் சம்பளத்தில் அம்மா, நான், இரண்டு தம்பிகள். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த மணி வகுப்பில் பாடம் என்ன தெரியுமா? சம ஊதியச் சட்டம், 1976. நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

இப்போது புள்ளிவிவரம். அரசின் தொழிலாளர் படைக் கணக்கெடுப்பு வருடா வருடம் வருகிறது. 2023-24இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் வேலையின்மை 3.2 சதவீதம். பெண்களில்? அதே 3.2. சமத்துவம் வந்துவிட்டது, கூட்டத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

போகாதீர்கள். அந்தக் கணக்கில் வேலையில்லாதவர் என்றால் வேலை தேடுகிறவர், கொடுத்தால் செய்யத் தயாராக இருப்பவர் என்று பொருள். பி.எட். முடித்துவிட்டு இரண்டு வருடம் அலைந்து பார்த்து, “போதும், வீட்டோட இரு” என்று சொன்னபின் தேடுவதை விட்டுவிட்ட பெண் வேலையில்லாதவர் இல்லை. அவள் அந்தக் கணக்கிலேயே இல்லை. வேலை பார்ப்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்து எண்ணினால் ஆண்கள் 78.8 சதவீதம், பெண்கள் 41.7. வேலையின்மை விகிதத்தில் சமமாக இருக்கிறவர்கள் இந்த இடத்தில் அடையாளமே தெரியாமல் விலகிப்போகிறார்கள். படித்த பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், அங்கே வேலையின்மையும் ஆண்களைவிட அதிகம்தான்.

இன்னொரு விஷயம். கிராமப்புறப் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 24.6 சதவீதமாக இருந்தது, 2023-24இல் 47.6 ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய இரட்டிப்பு. நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். உள்ளே பிரித்துப் பார்த்தால், வேலை பார்க்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் கூலி வாங்காத உதவியாள். கணவனின் கடையில் கல்லாவில் உட்காருகிறவள், சொந்த வயலில் களை பறிக்கிறவள். வேலை உண்டு, காசு இல்லை. ஆணும் பெண்ணும் சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று ஒப்பிடுகிற கணக்கில் இவள் வரவே மாட்டாள். சம்பாதிப்பவர்களுக்கிடையேதானே அந்த ஒப்பீடு. பூஜ்யங்களைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுத்தால் இடைவெளி குறைந்துதான் தெரியும்.

என் தம்பி வீட்டுக்கு ஒரு முறை கணக்கெடுக்க வந்தார்கள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். தம்பி மனைவி நாலரைக்கு எழுந்து, சாணி அள்ளி, பால் கறந்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வாய்க்கால் கரையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தாள். “அவங்க என்ன பண்றாங்க?” என்று அந்தப் பையன் கேட்டான். “வீட்டுலதான் சார் சும்மா இருக்கா” என்றான் என் தம்பி. அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கணக்கெடுப்பில் இதற்கு எண் இருக்கிறது. வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டுவேலையோடு விறகு பொறுக்குவது, மாட்டுத் தீவனம் சேர்ப்பது, வீட்டுக்குத் தைப்பது எல்லாம் பார்ப்பவர் 93. இரண்டு எண்ணும் உழைப்புப் படைக்கு வெளியே. புல் கட்டோடு அவள் படியேறி வந்தபோது நான், “வா 93” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. தம்பிக்கு நான் விளக்கினேன். அவனுக்கும் புரிந்ததா என்று சொல்ல மாட்டேன். அவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

“பொம்பளை ஆள் லேட்டா வர்றா, சீக்கிரம் போறா, அதான் கூலி குறைச்சல்” என்று ஒரு வாதம் எப்போதும் வரும். 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88ஐப் பார்த்து ஆண்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். அது வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரி. செய்யாதவர்கள் அதில் சேர்த்தி இல்லை. அவள் தாமதமாக வரவில்லை ஐயா. வேறொரு வேலையை முடித்துவிட்டு இரண்டாவது வேலைக்கு வருகிறாள்.

நூறு நாள் வேலையைப் பற்றி இந்த ஊரில் பேசினால் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை. 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் ஆறு மாவட்டங்களில் நம் நாகப்பட்டினமும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஏன்? வேலை லேசு என்றார்கள், மரத்தடியில் உட்காருகிறார்கள் என்றார்கள். ஆணுக்குப் போடும் கூலியை எனக்கும் போடுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. “நடவுக்கு ஆள் கிடைக்கல” என்கிறோம். பொருளாதாரத்தில் இந்த வாக்கியம் பாதிதான். இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முடிக்க வேண்டும்.

நிலம் என்று வந்தால் கதை இன்னும் மோசம். இந்தியாவில் சாகுபடிப் பண்ணைகளின் எண்ணிக்கையில் பெண்கள் நடத்துபவை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 14 சதவீதம். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989இலேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005இல். ஆனால் கல்யாணத்தில் போட்ட நகையைச் சொல்லி, அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த தங்கைகள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். பட்டா இல்லாததால் கூட்டுறவுக் கடன் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை, வெள்ள நிவாரணம் அவள் பெயருக்கு வராது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பெண் விவசாயிகள் உரிமைக்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பெயரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விவசாயம் செய்கிறவள் விவசாயிதான் என்பது அதன் சாரம். மசோதா அப்படியே காலாவதியாகிவிட்டது. வெண்மணிக்குப் பின் இந்தப் பக்கத்துக்கு வந்து தங்கி வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தார். மசோதாவால் முடியாதது பத்திரத்தில் நடந்தது. அந்த அம்மா பெரிய புள்ளிவிவரம் எதுவும் வைத்துக்கொண்டு இதைச் செய்யவில்லை.

ஜவுளிக்கடைப் பெண்களைப் பற்றி நிறையப் பேச ஆசை, நேரம் இல்லை. நாள் முழுக்க நிற்கிறவர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கும்பகோணம் போனால் துணியைப் பார்ப்பதற்கு முன் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெண்கள் பெரும்பாலும் இருபத்தைந்துக்குள். அதற்கு மேல் என்ன ஆகிறார்கள்? 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு வருடக் கணக்குகளைத் தோண்டி எடுத்து ஒன்றைக் காட்டினார். ஒரே படிப்பு, ஒரே வேலையில் இருக்கிற ஆண், பெண் வருமானம் பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்தபின்தான் பிரிய ஆரம்பிக்கிறது. அங்கே குறைகிறது, இங்கே நின்றே போகிறது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் இன்னொரு தம்பியின் மகள் டிப்ளமா படித்தவள். நடவு மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மானியத்தில் வாங்கியது. சிறு, குறு விவசாயிகளைப் போலப் பெண்களுக்கும் மானியம் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. அதனால் மனைவி பெயரில் மிஷின் வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டுவது என்னவோ மச்சான்தான். இவள் தானே ஓட்டினாள். அம்மா நாற்பது வருடம் குனிந்த சேற்றில் பேத்தி உட்கார்ந்து போகிறாள். பாய் நாற்றங்காலில் வளர்த்த நாற்றைத் தட்டுத் தட்டாக ஏற்றினால் மிஷினே பிய்த்து ஊன்றிக்கொண்டு போகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது.

முதல் வயல்காரர், மிஷின் வயலில் இறங்குவதற்கு முன்னால் கேட்டாராம்: “ஏம்மா, நீ ஓட்டுறதால வாடகை ஏதாவது குறையுமா?”

“டீசல் குறையாது மாமா” என்றாளாம்.

போனில் இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். முழு வாடகையும் வாங்கிவிட்டாள். அப்புறம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், கரையிலிருந்து நாற்றுத் தட்டு எடுத்துக் கொடுக்க யார் வந்தார்கள் என்று. ஒரு பையனும் இரண்டு அக்காக்களும் என்றாள். கூலி என்ன போட்டாய் என்றேன்.

“அவனுக்கு எழுநூறு, அக்காங்களுக்கு நானூறு. அத்தை, அது லேசான வேலைதானே?”

நான் எதுவும் சொல்லாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள், “ஹலோ, ஹலோ, அத்தை, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.